மங்களம் பாடாத பெட்டி

சேஷு,

'இங்கு யாவரும் க்ஷேமம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. கை தானாக அந்த வரிக்குப் போகிறது. இந்தத் தடவை அது வேண்டாம். இங்கு யாவரும் க்ஷேமம் இல்லை. பயந்து தந்தி கிந்தி அடித்துவிடாதே, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. நிதானமாக உட்கார்ந்து படி. உன் வழக்கப்படி நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாதே.

அந்தப் பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. நவராத்திரிக்குக் கோட்டைக்குள் கதை கேட்கப் போவோம். ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று பாகவதர் அமர்க்களப்படுத்திக்கொண்டிருக்கும்வரை நீ என் மடியை விட்டு அசையமாட்டாய். கைகேயி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்றதும் உனக்குத் தாகம் எடுத்துவிடும். ராமன் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பி வருவாய். "குழந்தைக்கு இளகின மனசு" என்று உன் அம்மா சிரிப்பாள். பிறகு அவளே படுக்கையில் விழுந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது நீ வாசலில் நின்று ரயில்வே கைடைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அப்போதும் அவள் அதையேதான் சொன்னாள். மனசு இளகுவது வேறு, அடுத்தவர் கஷ்டத்தின் எதிரே உட்கார முடியாமல் எழுந்து போவது வேறு. நானும் வெகு காலம் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவராகம் குளத்துப் படியில் நான் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது டில்லியிலிருந்து ஓடி வந்தாய். அதில் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போகும்போது கோமதியை விட்டுவிட்டுப் போனாய். உன்னோடு குடித்தனம் வைக்க அவள் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. கட்டி வைத்த பெட்டியை அவிழ்க்கச் சொன்னாய். "அப்பா எழுந்து நடமாடற வரைக்கும் இருக்கட்டும்" என்றாய். அப்புறம் யுத்தம் என்று எழுதினாய், டில்லியில் குடியிருக்க ஜாகையே கிடைக்கவில்லை என்று எழுதினாய். யுத்தம் முடிந்துவிட்டது. ஜாகை மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. அப்பாவும் எழுந்து நடமாடவில்லை, இனி நடமாடப் போவதும் இல்லை.

என் அறை உனக்குத் தெரிந்ததுதான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மழை பெய்தால் அதில் பாசி பச்சையாக ஏறும், வெயில் அடித்தால் கறுத்து உதிரும். மாசம் மாறுவதை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். காலையும் சாயங்காலமும் வேலாயுதன் என்று ஒருவன் வருகிறான், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். என்னைத் தூக்கித் துடைத்து, மற்றக் காரியங்களையும் பார்த்து, மலையாளத்தில் ஊர்வம்பு அளந்துவிட்டுப் போவான். மீதிப் பொழுதெல்லாம் கோமதிதான். அவளுக்குச் சமையலறை, கிணற்றடி, என் அறை, திரும்பச் சமையலறை. அம்பாசமுத்திரத்துப் பெண், ஆற்றில் குளித்து மணலில் நடந்து வளர்ந்தவள். இங்கே எதிர்வீட்டுக்குப் போனால்கூட நம் வாசலைப் பார்த்தபடியேதான் நிற்பாளாம், நான் கூப்பிட்டுவிடுவேனோ என்று. நானும் கூப்பிடத்தான் செய்வேன். தாகம் இருக்காது, கால் வலிக்காது. வீட்டில் சத்தமே இல்லையென்றால் எனக்குப் பயம் வந்துவிடும், அவ்வளவுதான். "கோமதி" என்பேன். "இதோ மாமா" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னால் ஆளும் ஈரக் கையோடு வந்து நிற்கும். ஒன்றுமில்லை, போ என்பேன். போவாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ ரேடியோ அனுப்பினாய். இரண்டு பேருக்கும் பொழுது போகும் என்று எழுதியிருந்தாய். கிழக்கேகோட்டைக் கடைக்காரன் வந்து கூரையிலிருந்து தென்னை மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினான். பெட்டியைக் கூடத்தில்தான் வைக்க முடியும் என்றான். எனக்கு எட்டாது. யாராவது திருகினால் பாடும், யாராவது திருகினால் நிற்கும். ஒரு மத்தியானம் கோமதி கொல்லையில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். நிலையத்தில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி இரைய ஆரம்பித்தது, எண்ணெயில் பூரி போட்டாற்போல. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் கொல்லை வரைக்கும் போகவில்லை. அவள் வந்து நிறுத்தும்போது நான் ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். சர்க்கார் கச்சேரியில் அத்தனை குமாஸ்தாக்களை அதட்டி வேலை வாங்கியவன், ஒரு பெட்டியின் வாயை மூட முடியாமல் அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தமிழ் நிலையத்தில் பேர்போன பழைய சிறுகதைகளை வாரம் ஒன்றாக வாசித்தார்கள். விளக்கு வைத்ததும் தெருப் பெண்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டுப் பகவதி மாமிதான் தலைமை. உனக்குத் தெரியுமே, அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டு ருக்மிணி கதை தொடங்குமுன்பே முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுவதற்குத் தயாராக உட்காருவாள். கோமதி சமையலறை நிலைப்படியில் உட்காருவாள், அடுப்புக்கும் எனக்கும் நடுவாக. நான் பாதி சாத்திய கதவுக்குள் படுத்துக்கொண்டு கேட்பேன். வேண்டாமென்றால் எழுந்து போகவா முடியும்.

முதல் வெள்ளிக்கிழமை நடந்த வேடிக்கையைச் சொல்கிறேன். ஒரு ஏழைத் தகப்பனின் கதை. குழந்தைக்கு ஜுரம், வைத்தியர் வருவதற்குள் போய்விடுகிறது. அதோடு கதை முடிந்தது. இவர்கள் எழுந்திருக்கவில்லை. பிடில் வாசித்தார்கள், பிறகு இங்கிலீஷில் என்னவோ படித்தார்கள், அப்போதும் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "பாதியிலே நிறுத்திட்டானே. மங்களம் எங்கே?" என்றாள் பகவதி மாமி. கேட்டாயா, கதை முடிந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்ட கதைகள் எல்லாம் மங்களத்தோடுதான் முடிந்தவை. ராமாயணம் வாசித்தால்கூட அன்றைய பாகத்தை நல்ல இடமாகப் பார்த்துத்தானே நிறுத்துவோம்? சீதையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டு யாராவது படுக்கப் போவார்களா? செத்துப்போன குழந்தையைக் கூடத்தில் போட்டுவிட்டு ஒரு பெட்டி வாயை மூடிக்கொண்டது அவர்களுக்குத் தாங்கவில்லை.

"இப்படியே விட்டுட்டுப் போகப்படாது. படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கிற வீடாக்கும்" என்றாள் மாமி. விட்டுவிட்டுப் போகவும் இல்லை. வைத்தியரைச் சீக்கிரமாக வரவழைத்தார்கள், கஷாயம் கொடுக்கவைத்தார்கள், குழந்தையைக் கண்ணைத் திறந்து பால் கேட்கவைத்தார்கள். அப்புறம் இரண்டு வரி மங்களம் பாடிவிட்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்தக் கதை சோகமாக முடிந்தாலும் அதை நன்றாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். முடிவு ஒத்துக்கொள்ளும்படி ஆனதும் "மாமா, சரிதானே?" என்று என் கதவுப் பக்கமாகக் குரல் கொடுப்பாள் பகவதி. நான் ஒரு இருமல் இருமுவேன். அது என் கையெழுத்து. எனக்குச் சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

இதில் கோமதிதான் கெட்டிக்காரி என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் புதையல் எடுத்துக் கொடுப்பார்கள். இவள் அப்படியில்லை. ஆற்றில் பாலம் கட்டியதால் பிழைப்புப் போன ஓடக்காரன் வெள்ளத்தில் ஓடத்தை விட்டுக்கொண்டு காணாமல் போகிறான் என்று ஒரு கதை. "அந்தப் பாலம் கட்டின காண்ட்ராக்டர் வெள்ளத்திலே விழட்டும் மாமி. ஓடக்காரன்தான் போய் எடுக்கணும். வேற யாருக்கு அந்த ஆறு தெரியும்?" என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிப்பையும் அன்றுதான் கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் அவள் சிரித்துக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற நாளெல்லாம் "எல்லாம் சௌக்கியம்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது. உனக்கு எழுதுகிற கடிதத்திலும் அதையேதான் எழுதுகிறாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வாசித்தவள் ஒரு பெண், அவசரமே இல்லாத குரல். கப்பல் வேலைக்குப் போன ஒருவன், அவனுடைய மனைவி, பார்வை போன மாமியார் கிழவி. அவன் அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருக்கிறான். இவள் கிழவியின் கையைப் பிடித்து முற்றத்துக்கும் உள்ளுக்குமாக நடத்துகிறாள். கடைசியில் கிழவி இறந்துபோகிறாள். காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போனபின் இவள் வாசல் கதவைத் திறக்கிறாள். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். எதிரே பாதை கிடக்கிறது. அது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நிற்கிறாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். அத்துடன் கதை நின்றது.

ருக்மிணி மூக்கை உறிஞ்சினாள். பகவதி மாமி தாமதிக்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட கையோடு கதவைத் தட்டுகிற சத்தம், திறந்தால் புருஷன், பெட்டி நிறையப் புடவை என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வருஷமே தொட்டில் போட்டுவிட்டாள் ருக்மிணி. எல்லோருக்கும் திருப்தி. "நீ சொல்லி முடிடீ" என்று கோமதியைக் கேட்டார்கள்.  

"அவன் வரவேண்டாம் மாமி" என்றாள்.

"பின்னே?"

"கிழவியும் சாக வேண்டாம். கிழவி இருக்கறப்பவே அவ கிளம்பிப் போகட்டும்."

"என்ன பேச்சுடீ இது. உள்ளே மாமா முழிச்சிண்டிருக்கார்" என்று பகவதி தணிந்த குரலில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. அத்தனை பேரும் என் இருமலுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு இருமல் வரவில்லை. மங்களத்தை அரையும் குறையுமாகப் பாடிவிட்டுச் செருப்புத் தேடிக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. சோறு போட்டு, மருமகளாக வைத்திருக்கிற வீட்டில் இப்படி ஒரு பேச்சா என்று பொருமினேன். உனக்கு எழுதி அவளைக் கண்டிக்கச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அவள் கஞ்சி கொண்டுவந்தாள். எப்போதும்போல ஊதி ஆற்றி, கரண்டியை என் வாயருகே நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கோமதி, அப்புறம் அந்தக் கிழவிக்கு யாரு கஞ்சி குடுப்பா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அதுதான் தெரியலை மாமா. தெரிஞ்சிருந்தா முழுசாச் சொல்லியிருப்பேனே."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "நான் கதையைத்தான் சொன்னேன்" என்றாள். நானும் கதையைத்தான் கேட்கிறேன் என்றேன். அவள் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்கப் பாத்திரம் எத்தனை இருந்துவிடப் போகிறது நம் வீட்டில்.

சேஷு, அந்தப் பேச்சைப் போட்டு நான் புரட்டிக்கொண்டே கிடந்தேன். கிடப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை. கதை எழுதினவன் கிழவியைக் கொன்றுதான் அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தான். அதற்குள் அவளுக்குக் கால் மறந்துபோயிருந்தது. கோமதிக்கு அந்த வழி வேண்டாம். செத்த கிழவியை எழுப்பி உட்காரவைத்து, அவளுக்குக் கஞ்சிக்கு வழி பண்ணிவிட்டுப் போகப் பார்க்கிறாள். வழி தெரியாமல் பாதியில் நிற்கிறாள். என் சாவுக்காகக் காத்திருக்கவில்லை என்று என் காதுபடச் சொல்லிவிட்டாள். அதற்குமேல் ஒரு மருமகள் என்ன சொல்லமுடியும்? கயிற்றின் ஒரு முனை டில்லியில் உன் கையிலும் மறுமுனை இங்கே என் கையிலும் இருக்கிறது. நீ விடமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். நான்தான் விடவேண்டும். விட எனக்கு மனசில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பகவதி மாமியைக் கூப்பிட்டனுப்பினேன். அவளை வாசலில் நிறுத்திவைத்து, கதைக்கு ஒரு முடிவு வைத்திருக்கிறேன், சரியாக இருக்கிறதா பார் என்றேன். கோமதி டில்லிக்குப் போகட்டும், ரேடியோ இங்கேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை கதை கேட்க வருகிற வீடுகள் முறைபோட்டு இந்தக் கிழவனுக்குக் கஞ்சி கொண்டுவரட்டும் என்றேன். பேரம்தான், வேறென்ன. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னிக்கு அவ சொன்னதுலேந்து எனக்கும் தூக்கம் இல்லை. நான் எங்க மாமியாருக்குச் செஞ்சு முடிச்சு நிமிர்ந்தப்போ என் தலை நரைச்சுப் போச்சு. போகட்டும் மாமா" என்றாள். முறை யார் யாருக்கு என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ருக்மிணி வீட்டில் உப்புப் போடத் தெரியாது, அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோமதி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் என்ன சொல்லும், நீ என்ன சொல்வாய் என்று அழுதாள். சொல்லிப் பயனில்லை என்று நானே பழக ஆரம்பித்தேன். ஒரு பகல் முழுக்க அவளைக் கூப்பிடாமல் கிடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் என்றே சொல்லலாம். சாயங்காலம் அவளாகவே பயந்துபோய் ஓடி வந்தாள். "மாமா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ இல்லாமல் இருந்து பார்க்கிறேன் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பரண்மேலிருந்து தன் துணிப்பெட்டியை இறக்கினாள்.

நேற்று மத்தியானம் ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் எழுந்து தாழ் போட முடியாது அல்லவா, ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் வெளியிலிருந்துதான் பூட்ட வேண்டும். பகவதி மாமி கோமதியைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. சாவியை உருவிக்கொண்டு அவர்கள் தெருவைக் கடந்தது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன், பாம்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். "கோமதி" என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, சேஷு. இனி தினமும் இப்படித்தான் இருக்கும். இருந்தாலும் எதிர்வீட்டிலிருந்து நடுவில் ஒருதரம் அவள் சிரிப்பு கேட்டது. என்னத்துக்குச் சிரித்தாளோ. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் அண்ணா வந்து அழைத்துக்கொண்டு கிளம்புகிறான். என்றைக்கு எந்த வண்டி என்று தந்தி கொடுப்பான். இந்தக் கடிதம் அவர்களுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று இன்றே தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு நீயே போ, சிநேகிதனை அனுப்பாதே. அப்பாவை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று ஒருபோதும் கேட்காதே. ஜாகை ஒற்றை அறையாக இருந்தால் ஒற்றை அறையில் இருங்கள். அவள் பேசமாட்டாள், பேசவைக்கவும் தெரிந்துகொள்ளவேண்டும். ரேடியோவில் கதை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேள், முடிந்ததும் 'நீயானால் எப்படி முடிப்பாய்' என்று கேள். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காமல் இருக்கும். அப்போதும் எழுந்து போகாதே. நான் எழுந்து போக முடியாதவனாக இருந்ததால்தான் என் காதில் விழுந்தது. உனக்குக் கால் நன்றாக இருக்கிறது. நீயாக உட்கார்ந்தால்தான் உண்டு.

நேற்று வெள்ளிக்கிழமை. கதை முடிந்ததும் பகவதி மாமி கோமதியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழவி கதை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது, ஊருக்குப் போவதற்குமுன் முடித்துக் கொடு, நாங்கள் மங்களம் பாட வேண்டும் என்றாள். கோமதி யோசித்தாள். "போய்ச் சேர்ந்து எழுதறேன் மாமி" என்றாள். மாமி என் கதவைப் பார்த்து "சரிதானே மாமா?" என்றாள். நான் இருமினேன்.

ஆகவே, சேஷு, அவள் அங்கிருந்து எழுதுகிற முதல் கடிதத்தை மாமி கூடத்தில் உரக்கப் படிப்பாள், தெருவே உட்கார்ந்து கேட்கும், நான் உள்ளே படுத்துக் கேட்பேன். அதில் 'எல்லாம் சௌக்கியம்' என்று மட்டும் இருந்தால் இங்கே ஒருத்தரும் மங்களம் பாடமாட்டார்கள்.

உன் அப்பா